இடுப்பில் ஒன்றரை அங்குலம்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது கால்சட்டையிலிருந்து. பெரிய தரிசனம் எதுவும் இல்லை. டெக்சாஸின் கிழக்கோரத்தில், பெட்ரோல் பங்கையும் இரண்டு சர்ச்சுகளையும் கழித்தால் ஊரே மிஞ்சாத ஓர் ஊரில், கால் நூற்றாண்டாகத் துணி பிரித்துத் தைத்துக் கொடுக்கிறேன். எதிர்வீட்டு ட்வைலா ஒருநாள் ஐந்து கால்சட்டைகளைக் கொண்டுவந்து மேசையில் போட்டாள்.

“ஷென், எல்லாத்துலயும் இடுப்பு ஒன்றரை இன்ச் பெருசு பண்ணணும்.”

(செண்பகம் என்ற பெயரில் அவர்கள் நாக்குக்கு எட்டியது அவ்வளவுதான்.)

ட்வைலா அந்த வசந்தத்தில் இளைத்துப் போயிருந்தாள். இளைத்தவள் இடுப்பைப் பெரிதாக்கச் சொன்னால், ஒன்று அவளுக்கு அளவு தெரியவில்லை, அல்லது எனக்கு ஏதோ தெரியவில்லை. இரண்டாவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது.

தெரியாததை நிரப்பிக்கொள்ளும் வழக்கப்படி, அவள் குண்டாகப் போகிறாள் போலிருக்கிறது என்று பக்கத்துத் தெருவில் ஒரே ஒருத்தியிடம் சொன்னேன். அந்த வாரமே ட்வைலா வீட்டுக்கு வழக்கமாக வரும் பீக்கன் பை (கொட்டை போட்ட இனிப்புப் பண்டம்) நின்று, சாலட் வர ஆரம்பித்தது.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது: “பளபளக்கும் அந்தக் கறுப்பு ஆயுதத்தை அவள் கையில் எடுத்தபோது, அவளது விரல்கள்”

அடித்துவிட்டேன். அது பளபளக்கவில்லை. பழைய தோசைக்கல் மாதிரி மங்கலாக இருந்தது. மேலும், துப்பாக்கி என்ற சொல்லைப் படித்ததுமே நீங்கள் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். கையை எடுங்கள். இந்தக் கதையில் அது வெடிக்காது. வெளியேகூட வராது. அதை வெளியே தெரியாமல் வைத்திருப்பது எப்படி என்பதுதான் ட்வைலாவின் பிரச்சினை; வெளியே சொல்லாமல் வைத்திருப்பது எப்படி என்பது என் பிரச்சினை.

இரண்டாவது தொடக்கம் கொஞ்சம் தேவலை: ட்வைலா வீடு விற்றுக்கொடுப்பவள். சாவியும் தானுமாக, ஆளில்லாத பண்ணை வீடுகளுக்குப் போய், முன்பின் தெரியாதவர்களுக்குக் கதவைத் திறந்து காட்டுவது அவள் பிழைப்பு. மார்ச்சில் ஒருவன் வந்தான். வீட்டுக்குள் நுழைந்ததும் கதவைச் சாத்தி அதன்மேல் சாய்ந்துகொண்டான். கூரையைப் பற்றிக் கேட்கவில்லை, கிணற்றைப் பற்றிக் கேட்கவில்லை. “உனக்காக வீட்டுல யாராச்சும் காத்திருக்காங்களா?” என்று கேட்டான். வெளியே தபால் வண்டி ஹாரன் அடித்தது. அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். நடந்தது அவ்வளவுதான். அதன்பிறகு ஒரு வீட்டுக்கும் அவளால் தனியாகப் போக முடியவில்லை.

இதையே தொடக்கமாக வைத்திருக்கலாம். ஆனால் என் கதை கால்சட்டையில் தொடங்கியது. பொய் சொல்ல மனசு வரவில்லை.

3

அளவு பார்க்க முதல் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தாள். வலது இடுப்புக்குக் கொஞ்சம் பின்னால் என் கையில் கெட்டியாக ஏதோ இடித்தது.

“என்னடி இது?”

“எலும்பு.”

“எலும்புக்கு கிளிப் இருக்குமா?”

ட்வைலா திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். “ஷென் கண்ணு, வாயைத் திறந்தே, உன் மெஷினைத் தூக்கி மாட்டுக்குளத்துல போட்ருவேன்.”

(இந்த ஊரில் ஒரு மரியாதை உண்டு. ஒருவர் சட்டைக்குள் அது புடைத்துத் தெரிந்தால், பார்த்தவர் பார்க்காதவராகிவிட வேண்டும். பல்செட் நழுவியதைப் பார்த்துவிட்டால் நாம் எப்படி வானிலை பற்றிப் பேசுவோமோ, அப்படி. நான் வெளியூர்க்காரி, கேட்டுவிட்டேன்.)

அதற்குமேல் மறைக்க ஒன்றுமில்லை. வீட்டுக்குப் போய் ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து கவிழ்த்தாள். ஒத்துவராத உறைகள். துப்பாக்கி வைத்திருக்கும் எந்த வீட்டிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கும். மருமகள் வீட்டில் கொடுத்த பாத்திரம் மாதிரி, வைத்துக்கொள்ளவும் முடியாது, தூக்கிப்போடவும் மனசு வராது.

“மொதல்ல கைப்பையில வெச்சேன். கடையில முலாம்பழம் தட்டிப் பாக்கப் போயிட்டேன். திரும்பிப் பாத்தா தள்ளுவண்டியில பை, பைக்குள்ள அது, பக்கத்துல யாரோ பெத்த குழந்தை. அன்னிக்கே கைப்பை வேணாம்னு ஆயிடுச்சு.”

“இந்தத் துணி உறை?”

“மெத்துன்னு இருக்குல்ல? அதான் வம்பு. வாய் மடங்கிக்குது. விசையை மூடாத உறை உறையே இல்லன்னு துப்பாக்கி வகுப்புல சொல்லிக் கொடுத்தவர் கத்துனார்.”

“வயித்துல சுத்திக்கிற பட்டி?”

“ஆகஸ்ட் வெயில்ல நீ சுத்திக்கிட்டுப் பாரு, தெரியும்.”

கணுக்காலில் கட்டுவது ஒன்றும் இருந்தது. அதைப் பற்றிக் கேட்டபோது மட்டும் முகம் சிவந்து, “ஆட முடியல” என்றாள்.

கடைசியில் நிலைத்தது, அந்தத் துப்பாக்கியின் அச்சுக்கே வார்த்த கெட்டி பிளாஸ்டிக் உறை. விசை முழுக்க மூடியிருக்கும். தலைகீழாக ஆட்டினாலும் விழாது. இடுப்புக்கும் கால்சட்டைக்கும் நடுவில் செருகி, தடித்த பெல்ட்டில் மாட்டிக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் ஒன்றரை அங்குலம். பின்தையலைப் பிரித்து ஒட்டுத்துணி வைத்தேன்.

பிறகு சட்டை. தோட்டாக்களைக் கழற்றி வேறு அறையில் வைத்துவிட்டு வரச் சொல்லி, என் சமையலறையில் அவளைக் குனிய வைத்தேன், மேல் அலமாரிக்கு எட்ட வைத்தேன், உட்கார வைத்தேன்.

“வெள்ளைச் சட்டை?”

“அப்பட்டமா தெரியுது.”

“இது?”

“இடுப்ப வளைச்சுக் குனியாத. முட்டிய மடக்கு. ஆங், இப்ப தெரியல. பூப்போட்டதுதான் சரி. பூவைப் பாத்துக்கிட்டிருக்கிறவனுக்கு மேடு தெரியாது.”

(கதைக்கும் இது பொருந்தும் என்று ஒரு பத்தி எழுதி, நீக்கிவிட்டேன். இப்போது மறுபடி வந்துவிட்டது, பாருங்கள்.)

4

இனி கார்லண்ட் வர வேண்டும். இவரை எழுதுவதில்தான் எனக்குச் சந்தேகம். ஓய்வுபெற்ற மாட்டு வைத்தியர். மனைவி போய்ப் பல வருடம். வியாழக்கிழமை மாலை சர்ச் கூடத்தில் பிடில் வாசிப்புக்கு ஜோடி ஆட்டம். இரண்டு வருடமாக ட்வைலாவுக்கு ஜோடி அவர்தான். அந்தக் கூடத்தில் இனிப்புத் தேநீருக்கு மேல் எதுவும் ஊற்றமாட்டார்கள். சாராயம் ஊற்றும் இடமென்றால் துப்பாக்கியை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே வரச் சட்டம் விடாது.

முதல் பிரதியில் கார்லண்டை முரட்டு ஆளாக வைத்தேன். அடுத்த நாளே அவர் என் வாசலில் பூட்ஸைத் துடைத்து, தொப்பியைக் கழற்றி, “உள்ள வரலாங்களாம்மா?” என்று கேட்டுத் தொலைத்தார். பாத்திரம் கெட்டுவிட்டது.

மார்ச் விவகாரத்தைக் கேள்விப்பட்டதும், “இனிமே ஒவ்வொரு வீட்டுக்கும் நான் கூட வர்றேன்” என்றாராம்.

“நல்ல மனுஷன்தானே?” என்றேன் ட்வைலாவிடம்.

“நல்லவர்தான். மொத தடவை வந்தா நல்லாத்தான் இருக்கும். ரெண்டாந்தடவை வீடு பாக்க வர்றவன் அவர்கிட்டதான் விலை கேப்பான். அப்புறம் நான் சாவி தூக்குறவ. இது இடுப்புல இருக்குன்னு தெரிஞ்சா, ‘இவ்ளோ பயமா உனக்கு’ன்னு வண்டியில ஏறி உக்காந்துக்குவார். எனக்குத் தனியா வேலைக்குப் போகணும், ஷென். வியாழக்கிழமை அவரோட ஆடவும் வேணும். ரெண்டும் வேணும்.”

ரெண்டும் வேண்டுமென்றால் கார்லண்டுக்குத் தெரியக்கூடாது. ஆனால் அந்த ஆட்டத்தில் ஒரு சுற்று உண்டு. ஆண் தன் வலக்கையைப் பெண்ணின் முதுகைச் சுற்றிக் கொண்டுபோய், அவள் வலது இடுப்பில் வைத்து, பக்கத்தில் அணைத்தபடி நடத்திப் போவான். கை போய் உட்காரும் இடம் சரியாக அந்த இடம். வேலை முடிந்து நேரே ஆட வருகிறவள். காரில் விட்டுவிட்டு வரலாமே என்றால், “கார்லேர்ந்துதான்டி முக்கால்வாசித் துப்பாக்கி திருட்டுப் போகுது” என்கிறாள்.

இரண்டு வியாழக்கிழமை, அந்தச் சுற்று வரும்போதெல்லாம் தாகம் என்று நழுவினாள். அவ்வளவு தேநீர் குடித்து எவரையும் நான் பார்த்ததில்லை. கார்லண்டின் முகம் சுருங்கியது. தன்மேல் வெறுப்பு என்று நினைத்தாரோ என்னவோ.

5

மூன்றாவது வியாழன். பிடில்காரர் வேகத்தைக் கூட்டிவிட்டார். ட்வைலா நழுவுவதற்குள் கார்லண்டின் கை சுற்றிப்போய், அந்த இடத்தில் உட்கார்ந்தது.

நான் பார்த்தேன். (பார்க்கத்தான் போனேன்.) அவர் கால் ஒரு தாளம் தவறியது. முகத்தில், மாட்டு வயிற்றில் கைவைத்துக் கன்று எந்தப் பக்கம் கிடக்கிறது என்று பார்ப்பவரின் நிதானம். பிறகு கை மெல்ல மேலேறி அவள் தோளுக்குப் போனது. ஏதோ சொன்னார். மழை வரும்போல இருக்கிறது என்றாராம்.

அடுத்த வியாழன் கூடத்தில் குழப்பம். ஊரே வலக்கையால் சுற்ற, கார்லண்ட் மட்டும் இடக்கையால், கண்ணாடியில் பார்ப்பதுபோல் எல்லாவற்றையும் மாற்றிச் சுற்றினார். பாதிரியார் தம்பதிமேல் இரண்டு தடவை மோதினார். அவர் கை ட்வைலாவின் இடது இடுப்பில் சௌக்கியமாக இருந்தது. அவளும் அன்றைக்குத் தேநீர்ப் பக்கமே வரவில்லை.

நான் விடுவேனா?

“என்ன கார்லண்ட், புதுசா ஒரு பக்கமா சுத்துறீங்க?”

“தோள்பட்டை பிடிச்சுக்கிச்சும்மா.”

“காலையில வேலிக்கட்டை தூக்கிட்டுப் போனீங்களே?”

“அதுலதாம்மா பிடிச்சிருக்கும்.”

தொப்பியைத் தொட்டு வணங்கிவிட்டுப் போனார். கூட வருகிறேன் என்ற பேச்சை மறுபடி அவர் எடுக்கவில்லை. ட்வைலா திங்கட்கிழமை தனியாகவே அந்த மார்ச் மாத வீட்டுக்குப் போய், ஓர் இளம் தம்பதிக்குக் கூரை முதல் கிணறு வரை காட்டிவிட்டு, சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு வந்தாள்.

6

முடிவுகள் கைவசம் உள்ளன.

ஒன்று: கார்லண்ட் தன் வீட்டு அட்டைப்பெட்டியையும் கொண்டுவர, இருவரும் என் மேசையில் உறைகளைப் பரப்பி (இவ்வளவு இனிப்பு எனக்கு ஆகாது.)

இரண்டு: பாதிரியாரின் மனைவி கண்டுபிடித்து ஊரெல்லாம் (அது என் வேலை. அவளுக்குத் தர முடியாது.)

மூன்று: நடந்தது. நேற்று ட்வைலா கடைசி இரண்டு கால்சட்டைக்கு அளவு கொடுக்க வந்தாள். ஸ்டூல்மேல் ஏறி நின்றவள், ஜன்னலைப் பார்த்தபடி கேட்டாள்: “ஷென், கார்லண்டுக்குத் தெரிஞ்சிருக்குமோ?”

தெரியும் என்றால், அடுத்த வியாழன் அவர் இடக்கை அவளைச் சுற்றும்போது அவள் இடுப்பு விறைக்கும். தெரியாது என்றால், தோள்பட்டைக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்ளச் சொல்லி அவரைப் படுத்துவாள். அதோடு, ஒரு மனிதர் ஊர் சிரிக்கத் தப்புத்தப்பாக ஆடியது எதற்கென்று அவளுக்குத் தெரியாமலே போய்விடும்.

என் வாயில் ஆறேழு குண்டூசி இருந்தது. இத்தனை வருடத்தில் அவற்றுக்கு நான் நன்றி சொன்னது நேற்றுதான். இதையெல்லாம் தமிழில் எழுதுவதும் அப்படியொரு குண்டூசிதான். இந்த ஊரில் இதைப் படிக்க ஆளில்லை.

ஆனால் நீங்கள் படித்துவிட்டீர்கள். இப்போது உங்களுக்கும் தெரியும். கதையில் அவள் இன்னும் ஸ்டூல்மேல்தான் நிற்கிறாள், கையை லேசாகத் தூக்கியபடி. நான் குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்திக்கொண்டிருக்கிறேன். கடைசி ஊசி வெளியே வருவதற்குள் என்ன சொல்லலாம் என்று யோசித்து வையுங்கள்.

மெதுவாகத்தான் குத்துகிறேன்.