மச்சானின் இலை

பொள்ளாச்சியிலிருந்து எல்லை தாண்டியதும் ஆற்றங்கரையில் ஒரு கள்ளுக்கடை இருக்கிறது. அங்கே சாப்பிட்டவர் இலையை எந்தப் பக்கம் மடிக்கிறாரோ அந்தப் பக்கம் ஆறு ஓடும்.

கடையில் ஒரே ஒரு நீளப் பெஞ்சு. அதில் கிழக்கே பார்த்துத்தான் உட்கார முடியும். இலையின் மேல்பாதியைத் தன் பக்கம் இழுத்து மடித்தால் ஆறு வழக்கம்போல மேற்கே போகும். கீழ்ப்பாதியை அந்தப் பக்கம் தள்ளி, இழவு வீட்டில் மடிப்பதுபோல மடித்தால், திரும்பிக் கிழக்கே மலையைப் பார்த்து ஏறும். விரித்தபடி விட்டு எழுந்தால் நின்றுவிடும். கடைசியாக யார் எழுந்தாரோ அவர் இலைதான் செல்லுபடி. கீழ்க்கரையில் துணி துவைக்கிறவர்கள், தண்ணீர் திரும்பினால், "யாருக்கோ குழம்புல உப்புப் பத்தலையாட்ட இருக்குது" என்று சொல்லிக் கல்லுக்கு மறுபக்கம் போய் நின்றுகொள்வார்கள். கீழே எத்தனையோ ஊர் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறது. அதனால் அந்தக் கடையில் மீன் குழம்பை யாரும் ஏனோதானோவென்று வைப்பதில்லை.

அன்றைக்குப் பகல் பன்னிரண்டு மணிக்கு நாச்சிமுத்து அங்கே வந்து நின்றான். சாப்பிட வரவில்லை, சாப்பாடு போட வந்திருந்தான். விருந்தாளி அவன் மனைவியின் அண்ணன் திருமலைசாமி. மனைவி மயிலாத்தாள் இரண்டு வளைவு தள்ளி, மேல்துறையில், பரிசலில் உட்கார்ந்திருந்தாள்.

அவள் பிறந்த வீட்டுக்குப் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. பெரியவர்கள் பேசி ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். திருமலைசாமி கள்ளுக்கடையில் சாப்பிடுவார். இலையைத் தன் பக்கம் மடித்தால் பரிசல் கடைத்துறைக்கு வந்து சேரும், மயிலாத்தாள் இறங்கிப் புருசனோடு வீட்டுக்குப் போவாள். அந்தப் பக்கம் மடித்தால் மேலே போய்விடுவாள், அத்தோடு சரி. அந்த ஆற்றுப் பரிசல்களில் துடுப்பு கிடையாது. துடுப்பு வைத்துக்கொண்டால் கடைச் சமையலில் நம்பிக்கை இல்லை என்று அர்த்தமாகிவிடும்.

ரோடு நன்றாகத்தானே இருக்கிறது, பைக்கில் போய்க் கூட்டிவந்துவிடலாமே என்று நாச்சிமுத்துவின் நண்பர்கள் சொன்னார்கள். அவனும் யோசித்தான். ரோடு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவள் ஆற்றில் அல்லவா இருந்தாள்.

எல்லாம் அவன் வீட்டுப் புதுமனை விருந்தில் ஆரம்பித்தது. இரண்டாம் பந்தியில் திருமலைசாமி உட்கார்ந்திருந்தார். மூன்றாம் பந்திக்காரர்கள் கை கழுவிவிட்டு ஒவ்வொருவர் முதுகுக்குப் பின்னாலும் வந்து நின்றாயிற்று. எப்படி நிற்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. பிடரியில் மூச்சுக்காற்று படும். சமையல்காரர் கந்தவேல் பாயச வாளி எடுக்கக் கொல்லைப்புறம் போயிருந்தார். அந்த நேரம் பார்த்துத் திருமலைசாமிக்கு ஃபோன் வந்தது, முகத்தைத் திருப்பிப் பேசினார். பரிமாறுவதைப் பார்த்துக்கொண்டு எதிரில் நின்ற நாச்சிமுத்து, மச்சான் சாப்பிட்டு முடித்துவிட்டார் என்று நினைத்தான். இடம் காலியாகட்டும் என்று குனிந்து தன் கையாலேயே அவர் இலையை மடித்துவிட்டான்.

திரும்பிய திருமலைசாமி இலையைப் பார்த்தார். எழுந்து கை கழுவினார். தங்கச்சியின் பையை எடுத்துக்கொண்டார்.

"நல்லபடியாத்தானுங்க மடிச்சேன், உள்பக்கமாத்தான் மடிச்சேன்" என்று நாச்சிமுத்து எட்டு மாதமாக ஊர் பூராவும் சொல்லிவிட்டான். படுக்கையில் தனக்குத்தானே சொன்னது தனி. பாயசம் எடுக்கப் போன கந்தவேல் திரும்பி வரவில்லை. பாயசம் வராமல் அந்தப் பந்தி முடிந்ததாகக் கணக்கில்லை என்பதால் மூன்றாம் பந்தி உட்காரவும் இல்லை.

திருமலைசாமி வருவதற்கு முன் பெஞ்சில் ஆறு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஐந்து பேர் ஏப்பம் விட்டுத் தங்கள் பக்கம் மடித்துவிட்டு எழுந்தார்கள். ஆறு கலகலவென்று மேற்கே ஓடியது. முதல் வளைவைத் தாண்டிப் பரிசல் தெரிந்தது. நீலச் சேலை, மடியில் பை, தலைக்குமேல் குடை. எட்டு மாதத்துக்குப் பிறகு நாச்சிமுத்து அவளைப் பார்க்கிறான். கை காட்டலாமா கூடாதா என்று அவன் யோசித்து முடிப்பதற்குள் ஆறாவது ஆளுக்குத் தொண்டையில் முள் சிக்கியது. அவர் இருமிக்கொண்டே இலையை வெடுக்கென்று அந்தப் பக்கம் தள்ளி மடித்துவிட்டு வெளியே போனார்.

பரிசல் நின்று, ஒரு சுற்றுச் சுற்றி, வந்த வழியே போனது. குடை மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது.

"முள்ளு இருக்கறதுக்கு நான் என்னங்க பண்றது" என்றார் கடை மேனேஜர் அப்புக்குட்டன். "மீனாச்சே."

அப்போதுதான் திருமலைசாமி புல்லட்டில் வந்து இறங்கினார். வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு பெஞ்சின் நடுவில் உட்கார்ந்தார். நாச்சிமுத்து எதிர்ப்பக்கம் நின்று தண்ணீர் தெளித்து இலையைத் துடைத்தான்.

"வாங்க மச்சான். என்ன போடச் சொல்லட்டுங்க?"

"எது இருக்குதோ அது போதுங்க மாப்ள" என்றார் திருமலைசாமி.

அந்த 'ங்க' நாச்சிமுத்துவுக்குப் புதிது. கல்யாணம் ஆன நாளிலிருந்து 'ஏப்பா மாப்ள' என்று தோளில் தட்டிப் பேசிய மனிதர். இப்போது தாசில்தாரிடம் பேசுவதுபோல மரியாதை கொடுக்கிறார்.

மரவள்ளிக்கிழங்கு வந்தது, மீன் குழம்பு வந்தது, வாத்துக்கறி வந்தது. ஒரு குப்பியில் கள் வந்தது. திருமலைசாமி கிரயப் பத்திரம் வாசிப்பதுபோல ஒவ்வொரு கவளமாகச் சாப்பிட்டார். கிழங்கைப் பிட்டுக் குழம்பில் தொட்டு, கொஞ்ச நேரம் பார்த்து, பிறகு வாயில் போட்டு, அதற்கப்புறம் மென்றார். வெளியே ஆறு கிழக்கே போய்க்கொண்டே இருந்தது.

நாச்சிமுத்துவின் ஃபோன் அடித்தது.

"ஏனுங்க, மேல்துறையைத் தாண்டிட்டேன்" என்றாள் மயிலாத்தாள். "அண்ணன் எதுல இருக்கறாரு?"

"வாத்துல" என்றான் ரகசியமாக.

"வாத்துன்னா நேரமாகும்."

மேல்துறைக்கு அப்பால் ஒரு பாலம், பாலத்துக்கு அப்பால் அருவி. ஆறு திரும்பி ஓடும்போது அருவியும் ஏறும், அதோடு பரிசலும் ஏறும். ஏறியவர்கள் இறங்குவது லேசில்லை. போன ஆடியில் ஏறிய தபால்காரர் இன்னும் மேலேதான் இருக்கிறார். மாதம் ஒரு கடிதம் போடுகிறார், அதுவும் தாமதமாகத்தான் வருகிறது.

மச்சானைக் கொஞ்சம் சீக்கிரம் சாப்பிடச் சொன்னால் என்ன என்று அவனுக்கு வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டான். ஒரு தடவை அவசரப்படுத்திப் பட்டது போதாதா. சிரித்த முகமாக நிற்க வேண்டும் என்று நினைத்து நினைத்துக் கன்னம் வலித்தது.

"இன்னுங் கொஞ்சம் குழம்பு ஊத்தச் சொல்லட்டுங்களா?"

"சோறு வரட்டுங்க" என்றார் திருமலைசாமி.

சோறு வந்தது. ஃபோன் அடித்தது. "பாலத்துக்கடியில போறேன். தலை குனிஞ்சுக்கிட்டேன்."

ரசம் வந்தது. திருமலைசாமி உள்ளங்கையைக் குழித்து வாங்கி இரண்டு தடவை குடித்தார். ஃபோன் அடித்தது. "அருவிச் சத்தம் கேக்குதுங்க. குடையை மடக்கிட்டேன்."

"பயமா இருக்குதா?"

"நீங்க எதுவும் பேசிப்போடாதீங்க. அண்ணன் சாப்பிடட்டும்" என்று வைத்துவிட்டாள்.

மோர் வந்தது. திருமலைசாமி மோர்ச் சோற்றை வழித்துச் சாப்பிட்டார். ஊறுகாய் இருந்த இடத்தை விரலால் துடைத்து வாயில் வைத்தார். இலை கழுவிவிட்டதுபோல இருந்தது. நாச்சிமுத்து இலையையே பார்த்தான். அப்புக்குட்டனும் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார்.

திருமலைசாமி இலையைத் தொடாமல் எழுந்தார்.

ஆறு நின்றது. துவைக்கிறவர்கள், இனி அலச முடியாது என்று கல்மேல் உட்கார்ந்து வெற்றிலை போட ஆரம்பித்தார்கள்.

"நின்னுருச்சுங்க" என்றாள் மயிலாத்தாள் ஃபோனில். "பரிசல் பாதி அருவிமேல ஏறி நிக்குது. நான் கீழ்ப்பாதியிலதான் இருக்கறேன்."

திருமலைசாமி கை கழுவித் துண்டில் துடைத்துக்கொண்டே வந்தார். "அன்னைக்கு என்ற இலையை நீங்கதானுங்களே மடிச்சீங்க. இன்னைக்கும் நீங்களே மடிங்க."

நாச்சிமுத்து ஃபோனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டான். நின்ற இடத்திலிருந்தே, அன்றைக்குக் குனிந்ததுபோலவே குனிந்தான். நல்லபடியாக, உள்பக்கமாக மடிக்க வேண்டும். அவ்வளவுதானே. இலையின் எதிர் ஓரத்தைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தான். இலை ஒரு விரற்கடை தூக்கியது.

"ஏனுங்க" என்றாள் மயிலாத்தாள். "ஏறுதுங்க."

கையை எடுத்துவிட்டான். இலை பழையபடி படுத்தது. தன் கையைப் பார்த்தான், இலையைப் பார்த்தான், இலைக்கு அந்தப் பக்கம் காலியாக இருந்த இடத்தைப் பார்த்தான். அன்றைக்கும் இங்கேதான் நின்றிருந்தான். அன்றைக்கும் தன் பக்கம்தான் இழுத்திருந்தான், மச்சானுக்கு அது அந்தப் பக்கம். புதுவீட்டில், அத்தனை சனத்துக்கு நடுவில், பாயசத்துக்குக் காத்திருந்த மனிதருக்கு இழவு வீட்டு இலை மடித்துக் காட்டியிருக்கிறான். பிறகு எட்டு மாதம் தன்மேல் தப்பில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறான்.

"மச்சான்" என்றான். "நான் எதுத்தாப்புல நின்னுட்டு இருந்தனுங்க."

"அது தெரிய எட்டு மாசம் ஆச்சுங்களா" என்றார் திருமலைசாமி.

நாச்சிமுத்து பெஞ்சைச் சுற்றிக்கொண்டு போனான். நீளப் பெஞ்சு, சுற்றி வர நேரமானது. மச்சான் உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்தான். பலகையில் இன்னும் சூடு இருந்தது. கிழக்கே பார்த்து, அவர் பார்த்திருந்த இடத்திலிருந்து இலையைப் பார்த்தான். பிறகு இரண்டு கையாலும் மேல்பாதியைப் பிடித்து, பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல மெதுவாகத் தன் பக்கம் கொண்டுவந்து மடித்துவிட்டு எழுந்தான். கண்ணில் நீர் கட்டியது. துடைத்துக்கொள்ளவில்லை.

ஆறு மேற்கே ஓடியது. துவைக்கிறவர்கள் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்தார்கள். ஃபோனில், "பாலம்" என்றாள் மயிலாத்தாள். கொஞ்ச நேரத்தில், "மேல்துறை" என்றாள். பிறகு வைத்துவிட்டாள், அவளே தெரிந்தாள். குடையை விரித்திருந்தாள்.

திருமலைசாமி ஆற்றைப் பார்த்தார். பிறகு நாச்சிமுத்துவின் தோளில் தட்டினார்.

"ஏப்பா மாப்ள, இங்க பாயசம் கிடைக்குமா?"

"கள்ளுக்கடையில ஏதுங்க பாயசம்" என்றார் அப்புக்குட்டன்.

அப்போது பின்வாசல் வழியாகச் சமையல்காரர் கந்தவேல் வாளியும் கரண்டியுமாக உள்ளே வந்தார். இடுப்பில் புதுமனை விருந்தன்று கட்டியிருந்த அதே சிவப்புத் துண்டு. வாளியில் ஆவி பறந்தது.

"இந்தப் பந்தியில யாருக்குங்க பாயசம் வரலை?"

"எனக்கு வரலை" என்றார் திருமலைசாமி. பெஞ்சில் உட்கார்ந்து, மடித்த இலையை விரித்து, ஓரத்தைக் கையால் அணைகட்டிக்கொண்டார். கந்தவேல் ஒரு கரண்டி ஊற்றினார்.

ஆறு நின்றது.

பரிசல் துறைக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. நின்ற ஆற்றில் பரிசலிலிருந்து இறங்குகிற வழக்கம் இல்லை. நாச்சிமுத்து படியில் இறங்கிப்போய்க் கையை நீட்டினான். மயிலாத்தாள் உட்கார்ந்தபடியே அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல்கள் சில்லென்று இருந்தன, அருவித் தண்ணீர் பட்டிருக்கும்.

"முந்திரி போட்டிருக்கறாங்களா?" என்று கேட்டாள்.

"போட்டிருக்காங்க."

"அப்ப அண்ணன் ரெண்டாவது கரண்டி கேப்பாரு."

நாச்சிமுத்து திரும்பிக் கடையைப் பார்த்தான். திருமலைசாமியின் முதுகுக்குப் பின்னால், ஈரக் கையை உதறிக்கொண்டு, மூன்றாம் பந்திக்காரர்கள் வரிசையாக வந்து நின்றிருந்தார்கள். முன்னால் நின்றவர் இலையையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மெதுவாச் சாப்பிடுங்க மச்சான்" என்றான் நாச்சிமுத்து. மயிலாத்தாளின் கையை விடாமல் படியில் உட்கார்ந்தான்.