கபடிக்காரனின் மூச்சு

காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் சடையப்பனைத் தெரியாத கபடிக் குழு கிடையாது. பாடிக்கொண்டு உள்ளே போனால் ஆளைத் தொடாமல் திரும்பாத மனிதன். முப்பத்தைந்து வயதானதும் ஊர்க் குழு அவனை மரியாதையாக நாற்காலியில் உட்காரவைத்துவிட்டது. அது அவனுக்குப் பொறுக்கவில்லை. விளையாட ஓர் இடம் தேடித்தான் டவுன் பஸ் ஏறி, சிதம்பரத்தில் ஒரு மாடியில் நடக்கும் ஜியு-ஜிட்சு வகுப்பில் சேர்ந்தான். தரையில் கட்டிப்புரண்டு மடக்குகிற வித்தைதானே, நமக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி என்று நினைத்துக்கொண்டான்.

பாவம். வந்த நாளிலிருந்து சபேசன் மாஸ்டர் ஒன்றையேதான் செய்யச் சொன்னார். மல்லாந்து படு, காலை ஊன்று, இடுப்பைப் பக்கவாட்டில் நகர்த்து. சடையப்பனுக்கு அலுத்துப்போனது. பயிற்சிக்கு ஜோடியாக வாய்த்த தாட்சாயிணிக்கு அலுக்கவே இல்லை. அண்ணாமலை நகரில் நர்ஸ் வேலை முடித்துவிட்டு வருகிறவள், ஒடிசலான உடம்பு. சடையப்பன் முழு எடையோடு மேலே கவிழ்ந்தாலும் பதற மாட்டாள். முழங்கையால் முட்டுக் கொடுத்து, நிதானமாக மூச்சுவிட்டு, இடுப்பை விரற்கடை விரற்கடையாக நகர்த்தி வெளியே வந்துவிடுவாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்குக் கோபமும் வரும், கையெடுத்துக் கும்பிடவும் தோன்றும்.

அவன் கீழே படுத்தால் கதையே வேறு. மூச்சைப் பிடித்துக்கொள்வான். உதடு தானாகக் கபடி கபடி என்று முணுமுணுக்கும். மூச்சு விட்டால் அவுட் என்று இருபது வருஷம் பழகிய உடம்பாயிற்றே. கையும் அங்கே இல்லாத நடுக்கோட்டைத் தேடி நீளும். நீண்ட கையை அவள் சட்டென்று மடக்கிவிடுவாள். முகம் கறுத்து, தோற்றேன் என்று பாயைத் தட்டுவான்.

ஞாயிற்றுக்கிழமை கடலூரில் போட்டி. இன்று தாட்சாயிணிக்கு அடியிலிருந்து வெளியே வந்தால்தான் பெயர் கொடுப்பேன், மூச்சடைத்துப்போகிற ஆளை அனுப்ப மாட்டேன் என்று வெள்ளிக்கிழமை மாஸ்டர் கறாராகச் சொல்லிவிட்டார். இதுவும் போனால் இனி எங்கேயும் ஆட்டமில்லை என்பது சடையப்பனுக்குத் தெரியும்.

தாட்சாயிணி மேலே அழுத்தினாள். வழக்கம்போல அவன் மூச்சு நின்றது, உதடு அசைந்தது. கை நீளப் போன நேரத்தில் அவள் காதருகே சொன்னாள்.

"அண்ணே, மூச்ச வுடுங்க. இங்க கோடு இல்ல. யாரும் அவுட்டுன்னு சொல்ல மாட்டாங்க."

மூச்சை இழுத்தான். ஏதோ தப்புச் செய்தவனைப் போல வெட்கமாக இருந்தது. யாரும் விசில் ஊதவில்லை. இன்னொரு முறை இழுத்தான். கையை மடக்கி முட்டுக் கொடுத்தான். இடுப்பு கொஞ்சம் நகர்ந்தது, பிறகு இன்னும் கொஞ்சம். முழங்கால் இருவருக்கும் நடுவில் நுழைந்தது. எழுந்து உட்கார்ந்தேவிட்டான்.

மாஸ்டர் அங்கேயே போனை எடுத்துக் கடலூருக்குப் பெயரைச் சொன்னார். கூட இருந்தவர்கள் கைதட்டினார்கள். ஜெயித்தால் தொடை தட்டுகிற சடையப்பன் அன்று தட்டவில்லை. தாட்சாயிணியையே பார்த்தான். இந்தப் பெண்ணுக்கு எவ்வளவு பொறுமை என்று மனம் நெகிழ்ந்துபோனது. மறுபடி மல்லாந்து படுத்தான்.

"இன்னொரு வாட்டி அழுத்தும்மா. இப்ப நீ சொன்னதால வந்துட்டேன். ஞாயித்துக்கெழம காதுல சொல்ல நீ இருக்க மாட்ட."