மூடிக்குள் ஒரு கீறல்

1

இந்தக் கதை எனக்கு ஒரு வாட்ச்சின் முதுகுக்குள்ளிருந்து கிடைத்தது. திண்டுக்கல் சந்தையில் பழைய சாமான்களோடு கிடந்தது அது. முகப்பில் ஏதோ சுவிஸ் பெயர். உள்ளே இயந்திரத்தில் ஒரு பெயரும் இல்லை. சுத்தப் போலி. ஆனாலும் சாவி கொடுத்ததும் ஓடியது. போலி வாட்ச் இத்தனை காலம் எப்படித் தாங்கியது என்று கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். மூடியின் உட்புறம் ஊசியால் கீறிய எழுத்துகளைப் பார்த்ததும் கட்டுரை கெட்டது.

(பழுது பார்ப்பவர்கள் திறக்கும்போதெல்லாம் தங்கள் அடையாளத்தையும் மாதம், வருடத்தையும் அங்கே கீறி வைப்பார்கள். கையில் கட்டியிருப்பவர் கண்ணில் அது படாது.)

2

முதல் தொடக்கம்: "1964இல், மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலையில்..." வேண்டாம். வருடம் கீறலில் இருக்கிறது, அன்று மழை பெய்ததா என்று எனக்கென்ன தெரியும்.

இரண்டாவது: சண்முகவள்ளி வாட்ச்சைக் காதில் வைத்துப் பார்த்தாள், ஓசை இல்லை. இது பரவாயில்லை.

அவள் புருஷன் பெருமாள்சாமி வேடசந்தூரில் மில் வேலை பார்ப்பவன். கல்யாணத்தன்று மாமனார் அவன் கையில் கட்டிய வாட்ச் நின்றுபோனது. திண்டுக்கல்லில் அப்துல் சுக்கூரின் வாட்ச் ரிப்பேர் கடைக்கு அவன் கிளம்ப, "நானும் வாரேன்" என்று அவளும் பஸ் ஏறிவிட்டாள். காரணம், அது போலி என்று அவளுக்குத் தெரியும். நிலக்கோட்டையில் மல்லிகை போட்டிருந்த அவள் அப்பா, கல்யாணமான மறு மாதமே சொல்லிவிட்டார்.

"நல்லதுன்னு நம்பித்தான் வாங்குனேன் தாயி. ஏமாந்துட்டேன். மாப்பிள்ள காதுக்குப் போயிறக் கூடாது."

அன்றிலிருந்து தினமும் காலையில் சாவி கொடுப்பது, துடைப்பது, அவன் கையில் கட்டிவிடுவது எல்லாம் அவள்தான். தண்ணீர்ப் பக்கமே விடமாட்டாள். புருஷன் மேல் என்ன பிரியம் என்று ஊரே மெச்சியது. பிரியமாவது ஒன்றாவது, பயம். என் கட்டுரைக்கு விடையும் அதுதான்.

3

பெருமாள்சாமியை எழுதுவதில்தான் தகராறு. நல்லவனாக எழுதினால் அவள் பயம் வீணாகிவிடும். கெட்டவனாக எழுதினால்... (இந்த வரியை விட்டுவிட்டேன்.) அவன் பேசிய ஒரு பேச்சை மட்டும் சொல்கிறேன். கடைக்குப் போவதற்குச் சில வருடங்கள் முன்பு, பங்காளி வீட்டில் மாப்பிள்ளைக்குப் போட்ட வாட்ச் போலி என்று தெரிந்து ரகளையானது. பந்தியில் உட்கார்ந்துகொண்டு பெருமாள்சாமி சொன்னான்:

"எனக்கு இப்படிப் பண்ணியிருந்தா, மகள அன்னைக்கே அப்பன் வீட்டுல கொண்டுபோயி விட்டுட்டு வந்துருப்பேன்."

சொல்லிவிட்டு, பரிமாறிக்கொண்டிருந்த சண்முகவள்ளியிடம் ரசம் கேட்டான். அவளுக்கு இலை எது, தரை எது என்று தெரியவில்லை.

4

"பாய், எண்ணெய் மட்டும் விட்டுக் குடுங்க, போதும்," என்றாள் கடையில்.

"தெறக்காம எப்படித்தா எண்ணெய் விடுறது?"

மூடி கழன்றது. சுக்கூர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அட, இது நான் பாத்த வாட்சுதான். என் கீறல் இருக்கு. அம்பத்தஞ்சு, ஆவணி." பெருமாள்சாமியை நிமிர்ந்து பார்த்தார். "நீங்கதானண்ணே கொண்டாந்தீக? உள்ள அம்புட்டும் போலின்னு அன்னைக்கே சொன்னேனே. இன்னமும் ஓடுதா?"

ஐம்பத்தைந்து ஆவணியில் அவள் தலைப்பிரசவத்துக்கு நிலக்கோட்டை போயிருந்தாள். தாய் வீட்டுக்குப் போகிறவள் புருஷன் கை வாட்ச்சையா கழற்றிக்கொண்டு போவாள்?

அப்படியானால், அதற்குப் பின்னால் பந்தியில் அந்தப் பேச்சைப் பேசியபோதே தன் கையில் இருப்பது போலி என்று அவனுக்குத் தெரியும்.

பெருமாள்சாமி தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

5

ஒரு முடிவில் அவன், "ஒங்க அப்பாவுக்குத் தலகுனிவு வேணாம்னுதான் சொல்லல" என்கிறான். எழுதும்போது எனக்கே அழுகை வந்தது, அதனாலேயே அடித்துவிட்டேன். இன்னொன்றில், "நீயா எப்பச் சொல்றேன்னு பாத்துக்கிட்டிருந்தேன்" என்கிறான். அதை எழுதிவிட்டுப் பேனாவை மூடிவைத்தேன். மூன்றாவதில் அவள் பேசுகிறாள்: "இத்தன வருசமா நான்..." அதற்கு மேல் எனக்கு ஓடவில்லை.

என்னால் முடிந்தது இவ்வளவுதான். சுக்கூர் தூசி தட்டி, எண்ணெய் விட்டு, பழைய கீறலுக்குக் கீழே புதிதாக ஒன்று கீறி மூடியை அழுத்தினார். வாட்ச் ஓடியது. அதைச் சண்முகவள்ளியிடம் கொடுத்தார். தினமும் காலையில் நீட்டுவதுபோல் பெருமாள்சாமி இடது கையை அவள் பக்கம் நீட்டினான். முகம் மட்டும் தெருப் பக்கமே இருந்தது.

கட்டிவிடுவதா வேண்டாமா என்று அவளுக்கு நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் யோசித்தே சொல்லுங்கள். அவன் கை நீட்டியபடியே இருக்கிறது.