காதைப் பொத்திக்கொண்ட பிள்ளைகள்

கண்ணாடியில் பார்த்தபோது வேனில் இருந்த பிள்ளைகள் எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். நல்லமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது. ஏதோ புது விளையாட்டு என்று நினைத்தார். போன மாதம் முழுக்க முன் சீட்டில் இருப்பவன் முதுகில் தட்டிவிட்டு ஒன்றும் தெரியாததுபோல் ஜன்னலைப் பார்க்கும் விளையாட்டு. இந்த மாதம் இது போலிருக்கிறது. செலண்டார் சாலை வளைவில் செம்பனைக் குலை ஏற்றிய லாரிக்கு வழிவிட்டு, மறுபடி ஆக்சிலரேட்டரை மிதித்தபோது ஆறாம் ஆண்டுப் பையன் ஒருவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு தலையை முழங்காலுக்குள் புதைத்தான். நன்றாகத்தான் நடிக்கிறான்.

தமிழ்ப்பள்ளி வாசலில் மலாய்க்காரக் காவலாளி கையை ஆட்டி எஞ்சினை நிறுத்தச் சொன்னார். வேன் ரொம்பக் கத்துகிறது பாக்சிக், ஆசிரியர் அறைவரைக்கும் கேட்கிறது, சீக்கிரம் பாருங்கள் என்றார். நல்லமுத்து தலையாட்டிவிட்டுப் பிள்ளைகளை இறக்கினார். வேனில் கோளாறு இருப்பது அவருக்கும் தெரியும். அந்தப் பழைய வேனில் எஞ்சின் ஓட்டுநர் சீட்டுக்குக் கீழேதான் உட்கார்ந்திருந்தது. கொஞ்ச நாளாகவே ஒரு நடுக்கம் தொடை வழியாக ஏறி இடுப்புவரை வந்துகொண்டிருந்தது. எஞ்சினைத் தாங்கும் ரப்பர் தேய்ந்திருக்கும் என்று அவரே முடிவு கட்டி வைத்திருந்தார். அவர் முடிவு பெரும்பாலும் தப்பாது. தாமான் குடியிருப்பில் யார் காரில் என்ன சத்தம் வந்தாலும், வொர்க்‌ஷாப்புக்குப் போவதற்கு முன் அவர் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, "ஒரு தரம் கேட்டுப் பாருங்கண்ணே," என்பார்கள். யோசித்துப் பார்த்தால், அப்படி யாரும் வந்து நெடுநாள் ஆகிவிட்டது. எல்லாரும் புதுக் கார் வாங்கிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

புவனேஸ்வரனின் வொர்க்‌ஷாப் டவுனைத் தாண்டி, ரப்பர் மரங்கள் தொடங்கும் இடத்தில் இருந்தது. நல்லமுத்து வேனை உள்ளே திருப்புவதற்கு முன்பே அவன் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றான்.

"முக்குல திரும்பும்போதே கேட்டுருச்சிண்ணே. யாரோ பன்னிய அறுக்கறாங்கன்னு நெனச்சேன்."

"நீ ஒருத்தன்," என்று சிரித்தார் நல்லமுத்து.

எஞ்சினை ஓடவிட்டு, சீட்டைத் தூக்கிப் பின்னால் சாய்த்தார்கள். புவனேஸ்வரன் டார்ச் அடித்தான். பெல்ட் ஓடும் புல்லிச் சக்கரம் ஒன்று ஆடுவதை நல்லமுத்துதான் முதலில் கண்டார். பெல்ட் சுற்றி ஓடும் மற்றப் புல்லிகளெல்லாம் நின்ற இடத்தில் நிற்பதுபோல் சுழன்றுகொண்டிருக்க, பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் சின்னப் புல்லி மட்டும், தரையில் விழுந்த சில்வர் தட்டு அடங்குவதற்கு முன் ஆடுமே, அப்படி ஆடியது. "ரப்பர் இல்லடா, புல்லி," என்றார். கண்டுபிடித்துவிட்ட திருப்தி அவருக்கு. புவனேஸ்வரன் ஒரு போத்தலில் தண்ணீர் எடுத்துப் பெல்ட்டின்மேல் கொஞ்சம் தெளித்தான். பெல்ட் கத்தினால் தண்ணீர் பட்டதும் அடங்கிவிடும். கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துவிட்டு, அடங்கவில்லை என்று தலையாட்டினான். நல்லமுத்துவும் இல்லை என்று தலையாட்டினார். எஞ்சினை நிறுத்திப் பெல்ட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு மறுபடி ஒரு நிமிடம் ஓடவிட்டான். அவன் முகம் தெளிந்தது.

"பாத்தீங்களா? நின்னுருச்சி."

"என்னா நின்னுருச்சி?"

"சத்தம்ணே."

நல்லமுத்து குனிந்து எஞ்சினைப் பார்த்தார். அது முன்புபோலவே கடகடத்துக்கொண்டிருந்தது. பெல்ட் இருந்தபோது எப்படியோ அப்படித்தான் இப்போதும். புவனேஸ்வரன் எஞ்சினை அணைத்து, அந்தச் சின்னப் புல்லியை விரலால் சுற்றிக் காட்டினான். மணல் அரைபடுவதுபோல் திக்கித் திக்கி நின்றது. "பேரிங் ஹபிஸ்ணே. சுத்தமா போச்சி. இப்பிடிக் கத்த ஆரம்பிச்சி ரெண்டு மூணு மாசமாவது ஆயிருக்கும். இது லாக் ஆயி பெல்ட் அறுந்துச்சின்னா ஸ்டியரிங் கல்லாட்டம் ஆயிரும். வளைவுல பிள்ளைங்கள வச்சிக்கிட்டு... எப்பிடிண்ணே இத்தன நாளு ஓட்டுனீங்க?"

"எனக்கு அப்பிடி ஒன்னும் சத்தம் தெரியலயே."

புவனேஸ்வரன் அவரை ஒரு மாதிரி பார்த்தான். பெல்ட்டை மறுபடி மாட்டி எஞ்சினை முடுக்கினான். காதைப் பொத்திக்கொண்டு, "இப்ப?" என்று கத்தினான். அவர் பெல்ட்டை உற்றுப் பார்த்தார். நீளமான ஸ்குரூடிரைவரின் முனையைப் புல்லியின் நடு போல்ட்டில் ஊன்றி, பிடியை அவர் காதில் வைத்துக்கொள்ளச் சொன்னான். அவர் வைத்துக்கொண்டார். மண்டைக்குள் எஞ்சினின் அதிர்வு வந்து இடித்தது. அவ்வளவுதான். "கேக்குதுடா," என்றார். எதற்காக அப்படிச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை.

புவனேஸ்வரன் எஞ்சினை அணைத்துவிட்டுப் பின்பக்கம் போனான். பெல்ட் சாமான் எடுக்கப் போகிறான் என்று நினைத்து நல்லமுத்து புல்லியையே பார்த்துக்கொண்டு நின்றார். வேனின் முன் சக்கரத்தருகே படுத்திருந்த நாய் திடுக்கென்று எழுந்து, வாலை இடுக்கிக்கொண்டு சாலையைப் பார்க்க ஓடியது. அடுத்த கணம் அவருடைய பின்கழுத்தில் சில்லென்று காற்று அடித்தது. சட்டைக் காலர் படபடத்தது. திரும்பினார். புவனேஸ்வரன் ஒரு கை தூரத்தில், தூசி ஊதும் காற்றுத் துப்பாக்கியை அவர் பக்கம் நீட்டி விசையை அழுத்திக்கொண்டிருந்தான். அவன் கட்டைவிரல் வெளுத்துப் போகிற அளவுக்கு அழுத்திக்கொண்டிருந்தான். பக்கத்து அறையில் யாரோ தூக்கத்தில் மூச்சு விடுவதுபோல் ஒன்று நல்லமுத்துவுக்குக் கேட்டது. அந்தத் துப்பாக்கி எப்படிச் சீறும் என்று அவருக்குத் தெரியும். ஆயிரம் தடவை அதைக் கேட்டு முகம் சுளித்திருக்கிறார்.

"வெளையாடாதடா," என்றார்.

"நான் வெளையாடலண்ணே."

அவன் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். நல்லமுத்து உட்காரவில்லை. சாலையில் லாரி போனது, கேட்டது. எதிர்க்கடையில் இரும்பு ஷட்டரைத் தூக்கினார்கள், கேட்டது. எல்லாம்தான் கேட்கிறது. பிறகு எதிர்க்கடைக் கூரையின்மேல் இருந்த ஒரு சிட்டுக்குருவிக் கூட்டத்தைப் பார்த்தார். அலகுகள் திறந்து திறந்து மூடின; கீச்சொலி மட்டும் வரவில்லை. இந்தப் பக்கம் இப்போதெல்லாம் குருவியே கத்துவதில்லை என்று போன வாரம்தான் யாரிடமோ சொல்லியிருந்தார். ஒரு பொருள் களவு போனால்கூட, போன இடம் வெறுமையாகத் தெரியும். இது போன இடமே தெரியாமல் போயிருக்கிறது.

உடனே லோஷினியின் நினைவு வந்தது. முதலாம் ஆண்டுப் பிள்ளை, கடைசி சீட்டில் உட்காருகிறவள். சில வாரங்களுக்கு முன் வேன் வீட்டை நெருங்கும் நேரத்தில் சீட்டிலேயே நனைத்துவிட்டாள். எல்லாப் பிள்ளைகளும் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "வாயத் தொறந்து சொல்லத் தெரியாதா?" என்று அவர் அதட்டினார். சொன்னேன் அங்கிள், நாலஞ்சு தரம் சொன்னேன் என்றாள் அவள், அவர் முகத்தைப் பார்த்து. "பொய் வேறயா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை வேனில் வாயே திறப்பதில்லை. அடக்கமாகிவிட்டாள் என்று நினைத்திருந்தார். நல்லமுத்து இப்போது நாற்காலியில் உட்கார்ந்தார்.

புவனேஸ்வரன் போன் செய்ததில் அவர் மனைவி திலகவதி மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தாள். டவுனில் சாப்பாட்டுக் கடையில் காய்கறி வெட்டும் வேலை அவளுக்கு. புருஷனுக்கு அடிபட்டுவிட்டது என்று நினைத்திருப்பாள் போல; ஹெல்மெட்டைக் கழற்றாமலே வந்து அவர் கையையும் காலையும் பார்த்தாள். புவனேஸ்வரன் விஷயத்தைச் சொன்னான். அவள் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து நல்லமுத்துவைப் பார்த்தாள். பிறகு மெதுவாக அவருக்குப் பின்னால் போய் நின்றாள். அவள் ஏதோ சொல்கிறாள் என்பது புவனேஸ்வரனின் முகத்தைப் பார்த்துத்தான் அவருக்குத் தெரிந்தது. அவர் திரும்பவில்லை. திரும்பினால் கேட்டதாக ஆகிவிடும் என்று தோன்றியது.

அவள் முன்னால் வந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றினாள். கண் கலங்கியிருந்தது.

"நீங்க வேணும்னே கேக்காத மாதிரி இருக்கறதா நெனச்சேன்," என்றாள். "ரெண்டு வருசமா."

"என்னா சொல்ற?"

"எங்கம்மா செத்த சேதி வந்த அன்னைக்கி, ரூம்ல ஒக்காந்துகிட்டு உங்கள கூப்ட்டேன். அழுதுகிட்டே கூப்ட்டேன். நீங்க ஹால்ல டிவி பாத்துகிட்டு சிரிச்சீங்க. அதோட உங்ககிட்ட ஒன்னும் சொல்லக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டேன்."

நல்லமுத்துவுக்கு அந்த நாள் நினைவிருந்தது. வெகு நேரம் கழித்துத் தண்ணீர் குடிக்க எழுந்து போனபோது அவள் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அம்மா செத்துட்டாங்க என்று சுவரிடம் சொன்னாள். அவர் பக்கத்தில் போய்க் குனிந்தபிறகுதான் அது அவருக்குக் கேட்டது. இப்பத்தான் போன் வந்ததா என்று அவர் கேட்டார். அவள் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு வீட்டில் சோறு, துணி, தண்ணி பில் தவிரப் பேச்சில்லை. துக்கம் என்று நினைத்தார். பிறகு வயசு என்று நினைத்தார்.

"என்னைய திட்டியிருக்கலாமே," என்றார் கடைசியில்.

"திட்டுனேன்," என்றாள் திலகவதி. "தெனமும் திட்டுனேன்."

புவனேஸ்வரன் புது புல்லியைப் போட்டு முடித்தபோது வெயில் ஏறியிருந்தது. எஞ்சினை முடுக்கி, டார்ச் அடித்துக் காட்டினான். எந்தப் புல்லியும் ஆடவில்லை. "வண்டி ஓக்கேண்ணே," என்றான். சொல்லிவிட்டுச் சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். நல்லமுத்துவும் அதை வாங்கக் கை நீட்டவில்லை. பள்ளி விடும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. காது டாக்டரிடம் போனால் லைசென்ஸைப் பிடுங்கிக்கொள்வார்களோ, காதில் மாட்டும் கருவி வாங்கினால் திருப்பிக் கொடுப்பார்களோ, ஒன்றும் தெரியவில்லை. வேனில்லாமல் என்ன செய்வது என்றும் தெரியவில்லை. கடைசி சீட்டு மட்டும் கண்முன் நின்றது.

"இந்திராதேவிக்கி போன் போடு," என்றார் மனைவியிடம். அதே பள்ளிக்கு இன்னொரு வேன் ஓட்டுகிறவள் இந்திராதேவி. "ரெண்டு தடவயா வந்து என் பிள்ளைங்களயும் எறக்கிவிட முடியுமான்னு கேளு. நான் கூடப் போறேன்."

"என்னா காரணம் சொல்றது?"

"உள்ளதச் சொல்லு."

திலகவதி சொன்னாள். அவள் உதடு அசைவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை காலம் தான் அவளைக் கேட்டதெல்லாம் இப்படித்தானோ என்று நினைத்தார்.

இந்திராதேவி மறுபேச்சு இல்லாமல் ஒத்துக்கொண்டாள். வொர்க்‌ஷாப் வாசலிலேயே வந்து அவரை ஏற்றிக்கொண்டாள். வழியில் சாலையைப் பார்த்தபடியே என்னவோ சொன்னாள். அவர் சரி சரி என்று தலையாட்டினார். உடனே தலையாட்டுவதை நிறுத்திக்கொண்டு, "என்னம்மா சொன்ன? இந்தப் பக்கம் திரும்பி சொல்லு," என்றார். அப்படிக் கேட்பது அவருக்கு நிர்வாணமாக நிற்பதுபோல் இருந்தது. அவள் சிவப்பு விளக்கில் நிறுத்தித் திரும்பி, "பயப்படாதீங்க மாமான்னு சொன்னேன் லா," என்றாள்.

பள்ளி வாசலில் காவலாளி கதவை இழுத்துத் திறந்தார். நல்லமுத்து வேனுக்கு வெளியே வெயிலில் இறங்கி நின்றார். வகுப்புகளிலிருந்து பிள்ளைகள் வெள்ளமாக வந்தார்கள். பை குதிக்க, ரிப்பன் அவிழ, ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு, எல்லா வாய்களும் திறந்திருக்க வந்தார்கள். ஆரவாரம் கடல்போல அடிக்குரலில் இரைந்தது; அதற்குமேல் ஒரு குரலும் பிரிந்து கேட்கவில்லை. சிலர் கையை உயர்த்தி ஆட்டினார்கள். அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார், அந்தத் திறந்த வாய்களில் எது தன்னை அழைக்கிறது என்று.