அதிபர் கையெழுத்து

சரவணைக் கிராமத்தில் சிவநேசன் தம் வீட்டுக்குச் 'சுதந்திரச் சிந்தனைக் கல்லூரி' என்று பெயரிட்டு, தம்மையே அதிபராக்கி முத்திரையும் செய்துவைத்திருந்தார். ஒரே மாணவி, மகள் யதுர்சிகா. பள்ளிக்கூடம் போகக் கேட்டு அவள் அழுதும் அவர் அசையவில்லை.

அவளுக்குப் பதினைந்து வயதானதும், அடையாள அட்டைக்காக அவர் முத்திரை குத்திய படிவத்தோடு கிராம அலுவலரான விதானையாரிடம் போனார்கள்.

"உங்கட முத்திரை செல்லாது, அண்ணை. பள்ளிக்கூடம் போற பிள்ளையெண்டா அங்கத்தை அதிபர் கையெழுத்து வைப்பார்; போகாத பிள்ளைக்கு நான்தான் வைக்கவேணும். தொழில் எண்ட இடத்தில என்ன போட?"

"சிந்தனையாளர்" என்றார் சிவநேசன்.

"நான் பிள்ளையைக் கேட்டனான்."

தொழில் இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு, விதானையாரின் பேனை கையெழுத்து வைக்கத் தாளைத் தொடப்போனது.

"வையாதேங்கோ, ஐயா!" யதுர்சிகா படிவத்தை இழுத்தெடுத்தாள். "திங்கக்கிழமை பள்ளிக்கூடத்தில சேரப்போறன். அங்க அதிபர் வைக்கட்டும்."

சிவநேசனின் முகம் கறுத்தது. "அப்ப எங்கட கல்லூரி?"

"பிள்ளையள் இல்லாட்டி மூடத்தானே வேணும், அப்பா."