நூறு பேர் வேணும்

முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். முருகேஸ்வரி அந்த எண்ணை இரண்டு முறை பார்த்தாள். ஒரு சைபர் விட்டுப்போயிருக்குமோ என்று பக்கத்தை மேலும் கீழும் தேடினாள். இல்லை. சுவிட்சர்லாந்தில், மலையடிவாரத்தில் இருக்கும் அந்த ஊரில் மொத்தமே அவ்வளவு பேர்தான்.

பி.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு வீட்டில் இருந்தவளுக்கு மதுரையில் பாடப்புத்தகம் போடும் கம்பெனி ஒன்று மொழிபெயர்ப்பு வேலை கொடுத்திருந்தது. யாரோடும் பேச வேண்டாம் என்பதாலேயே அவளுக்கு அது பிடித்துப்போனது. இந்த முறை அனுப்பியிருந்தது, புவியியல், வரலாறு, மக்கள் வாழ்க்கை என்று தலைப்புப் போட்டு அந்த ஊரைப் பற்றி ஆறு பக்கம். பரப்பளவு நாலு சதுர கிலோமீட்டர். அதில் காடு இவ்வளவு, மேய்ச்சல் நிலம் இவ்வளவு, ஓடை இவ்வளவு. எண்ணூறு வருஷத்துப் பழைய பத்திரம் ஒன்றில் ஊர்ப்பெயர் வருகிறது. வருஷத்துக்கு இரண்டு முறை ஊரார் பள்ளிக்கூடத்தில் கூடி, கையைத் தூக்கி முடிவெடுப்பார்கள். பக்கத்து டவுனோடு சேர்ந்துகொள்ளச் சொல்லி இரண்டு தடவை கேட்டிருக்கிறார்கள். இரண்டு தடவையும் முடியாது என்று கை தூக்கிவிட்டார்கள்.

அது சின்ன ஊர் என்று ஆறு பக்கத்தில் ஓரிடத்தில்கூட எழுதியிருக்கவில்லை.

வேலையை முடித்து அனுப்பியபின், ஒரு நோட்டை எடுத்துத் தன் ஊருக்கும் அதே தலைப்புகளை எழுதினாள். உடைமரத்துப்பட்டி. புவியியல்: கரிசல் மண். ஆறு கிடையாது. மேற்கே ஒரு கண்மாய்; மூன்று வருஷத்துக்கு ஒருமுறை நிறையும், மற்ற நாளில் சீமைக்கருவேலம் நிற்கும். மல்லாங்கிணறு போக ஒரு பஸ். வரலாறு என்று எழுதிவிட்டு நிறுத்தினாள். ஒன்றும் வரவில்லை. மக்கள்தொகை எத்தனை என்பதும் தெரியவில்லை.

மறுநாள் ஊராட்சி ஆபீசுக்குப் போனாள். பொங்கலுக்கு முந்தின வாரம். செயலாளர் ஜெயக்குமார் மட்டும் இருந்தார்.

"நம்ம ஊரப் பத்தியா? யாரு படிக்கப்போறா?"

"சும்மாதாண்ணே."

"எழுது, எழுது. எம்பேரையும் ஒரு ஓரத்துல போட்டு வை." சந்தோஷமாகத் தீர்மான நோட்டைத் தூக்கிக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

மக்கள்தொகை ஆயிரத்து முந்நூற்று எண்பத்துநாலு. குறித்துக்கொண்டாள். வரலாறு தேடிப் பக்கங்களைப் புரட்டினாள். தெருவிளக்கு, போர்வெல், கண்மாய்க்கரை, மறுபடியும் தெருவிளக்கு. அக்டோபர் இரண்டாம் தேதிக் கூட்டத்தில் கை நின்றது. 'இவ்வூராட்சியை நகராட்சியுடன் இணைப்பதற்குக் கிராமசபை ஏகமனதாகச் சம்மதம் தெரிவிக்கிறது.' கீழே நூற்று நாற்பத்தாறு கையெழுத்துகள். பதினோராவது அவளுடையது. பன்னிரண்டாவது அம்மாவின் கைநாட்டு.

எங்கே போட்டோம் என்று உடனே ஞாபகம் வந்துவிட்டது. ரேஷன் கடை வரிசையில்.

ஊர்ப்பழக்கம் அப்படி. இந்த அளவு ஊருக்குக் கிராமசபைத் தீர்மானம் செல்லுபடியாக வேண்டுமென்றால் நூறு பேர் வேண்டும், அதுதான் கோரம். நாற்பது பேருக்கு மேல் என்றைக்கும் வந்ததில்லை. அதனால் கூட்டத்துக்கு முந்தின வாரமே நோட்டு ரேஷன் கடைக்கும் நூறுநாள் வேலை நடக்கும் இடத்துக்கும் வந்துவிடும். கையெழுத்து கீழே, மேலே காலி. கூட்டமே இன்னும் நடக்காதபோது மேலே என்ன இருக்கும்? யாரும் அதைத் தப்பாக நினைத்ததில்லை. அவளும்தான்.

ஜெயக்குமார் திரும்பி வந்தபோது அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள்.

"மேலருந்து பேப்பர் வந்துச்சு. எழுதச் சொன்னாக, எழுதினேன்."

"ஊருல யாரும் சம்மதம் சொல்லலையேண்ணே."

"கையெழுத்துப் போட்டிருக்கியே தாயி."

நோட்டை மூடி வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

அம்மா தங்கலட்சுமி நூறுநாள் வேலைக்குப் போகிறவள். டவுனாகிவிட்டால் அந்த வேலை கிடையாது, அது கிராமத்துக்கு மட்டும்தான். முருகேஸ்வரி விஷயத்தைச் சொன்னதும் அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகைக் கீழே போட்டாள்.

"வாசிச்சுப் பாக்காமலா கையெழுத்துப் போட்ட? நீ படிச்சவதான?"

"நீயும்தான கைநாட்டு வச்ச?"

"நான் படிக்காதவ. எனக்கு அந்தச் சாக்காவது இருக்கு. ஒனக்கு என்ன இருக்கு?"



பொங்கல் கழிந்து குடியரசு தினக் கூட்டத்துக்கான நோட்டு வேலை இடத்துக்கு வந்தது. இந்தத் தடவை கையெழுத்துப் போட மாட்டோம் என்று பெண்கள் பேசி வைத்திருந்தார்கள். முந்தின நாள் இரவு முருகேஸ்வரிதான் அம்மாவிடம் சொல்லியனுப்பினாள்.

"போடுங்க. எல்லாரும் போடுங்க. மேல காலியாத்தான இருக்கு, அத நாம எழுதுவோம். ஆனா கூட்டத்தன்னைக்கு எல்லாரும் வந்துரணும்."

"யாரு பேசுறது?"

கேட்டுவிட்டு அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூட்டம் பள்ளிக்கூடத்துப் புளியமரத்தடியில். தலைவர் பதவிக்காலம் முடிந்துவிட்டதால் யூனியன் ஆபீஸ் அலுவலர் ஒருவர் வந்து நடத்தினார். வழக்கத்தைவிடக் கூட்டம் அதிகம் என்று அவர் சந்தோஷப்பட்டார். முன்வரிசை நாற்காலியில் சங்கரபாண்டியன் உட்கார்ந்திருந்தார். ஊரில் பலசரக்குக் கடை அவருடையது. ரோட்டோரத்தில் பத்து ஏக்கர் வாங்கிப் போட்டு, எப்போது டவுனாகும் என்று காத்திருக்கிறவர். அவர் ஆட்கள் ஆறு பேர் பின்னால் நின்றார்கள். மனைவி ஈஸ்வரியும் இரண்டு மருமகள்களும் பெண்கள் பக்கம்.

குடிநீர், கொசுமருந்து எல்லாம் வாசித்து முடிந்தது. "வேற ஏதும் உண்டா?" என்றார் அலுவலர். அம்மா தொடையில் கிள்ளினாள்.

முருகேஸ்வரி எழுந்தாள். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை.

"பாப்பா பாட்டுப் பாடப்போகுதா?" என்றார் சங்கரபாண்டியன். ஆண்கள் பக்கம் சிரிப்பு.

அந்தச் சிரிப்பில் அவளுக்குக் காது சுட்டது. சத்தமும் வந்துவிட்டது.

"அக்டோபர் தீர்மானம் ஊர் எடுத்ததில்ல சார். வெத்துப் பேப்பர்ல கையெழுத்துப் போட்டோம். நானும் போட்டேன், அது என் தப்பு. டவுனோட சேர மாட்டோம்னு இன்னைக்குத் தீர்மானம் எழுதணும்."

ஜெயக்குமார் அவசரமாக எழுந்தார். "நெனச்சா எழுதிற முடியுமா? கோரம் வேணும். நூறு பேர் வேணும்."

"நோட்டுல நூத்தி முப்பத்தொம்பது கையெழுத்து இருக்கேண்ணே, எண்ணிப் பாத்துட்டேன். எழுதுறதுதான் பாக்கி."

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. பிறகு முத்துத்தாய், அம்மாவோடு மண் சுமக்கிறவள், தொடையில் அடித்துச் சிரித்தாள். "மேல எடம் விட்டுத்தானப்பா வச்சிருக்க! கொண்டா நோட்ட!"

அலுவலர் நோட்டை வாங்கிப் பார்த்தார். காலிப் பக்கம், கீழே கையெழுத்துகள். "கூட்டம் இப்பத்தான நடக்குது? இது எப்ப வாங்கினது?" ஜெயக்குமார் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"வந்தவங்க பேர மட்டும் வச்சுக்கங்க சார்," என்றாள் முருகேஸ்வரி. "வராதவங்கள அடிச்சிருங்க."

பெயர் கூப்பிட்டார்கள். இருக்கேன். இந்தா இருக்கேன். ஆடு பத்திக்கிட்டுப் போயிருக்கான், அடி. நரிக்குடிக்குக் கல்யாணத்துக்குப் போயிட்டாக, அடி. ஒரு பெயருக்கு யாரும் பதில் சொல்லவில்லை. "அவரு ஆவணியிலயே செத்துப் போனாரே!" என்றாள் முத்துத்தாய். "கையெழுத்து மட்டும் என்ன அழகா இருக்கு பாரு!"

முப்பத்திரண்டு பேர் போய் நூற்றேழு பேர் நின்றார்கள்.

சங்கரபாண்டியனுக்குக் கணக்கு சொல்லித்தர வேண்டியதில்லை. "ஏலே, எந்திரிங்கடா. இந்தக் கூத்துக்கு நாம எதுக்கு?" ஆறு பேரும் அவர் பின்னால் நகர்ந்தார்கள்.

"எந்திரிச்சுப் போறவங்க பேரை என்ன செய்ய?" என்று அலுவலர் முருகேஸ்வரியைக் கேட்டார்.

"அடிங்க சார்."

நூறு. சங்கரபாண்டியன் பெண்கள் பக்கம் திரும்பினார். "ஈஸ்வரி, வா."

இரண்டு மருமகள்களும் எழப்போனார்கள். ஈஸ்வரி இரண்டு பேர் சேலையையும் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"வெயில்ல நடந்து வந்தது. இப்பத்தான் உக்காந்தேன்."

"கடைய யாரு பாக்கிறது?"

இடுப்பில் சொருகியிருந்த சாவியை எடுத்து நீட்டினாள். "இன்னைக்கு நீங்க பாருங்க. இருவது வருசமா நாந்தான பாக்கிறேன்? கடையில அரிசி பருப்பு வாங்குறது இந்தப் பொம்பளைகதான். அவுக வேலையப் பிடுங்கிட்டு, ரோட்டோரத்துப் பிளாட்டுக்காரனுக்கா நான் சீரகம் கட்டிக் கொடுக்க?"

பெண்கள் பக்கம் எழுந்த சத்தத்தில் மரத்துக் காக்கைகள் பறந்தன. சாவியை வாங்காமலே அவர் நடந்தார்.

"நான் எழுத மாட்டேன் சார்," என்றார் ஜெயக்குமார் மெதுவாக. "எனக்கு வேலை போயிரும்." பொய் சொல்லவில்லை. அவர் பேனாவை முருகேஸ்வரியே வாங்கிக்கொண்டாள்.

பெஞ்சில் நோட்டை வைத்து நின்றபடியே எழுதினாள். உடைமரத்துப்பட்டி ஊராட்சி. மக்கள்தொகை ஆயிரத்து முந்நூற்று எண்பத்துநாலு. கரிசல் மண், மானாவாரி விவசாயம். ஒரு கண்மாய், அதை வருஷாவருஷம் தூர்வாருவது இவ்வூர்ப் பெண்கள். இவ்வூராட்சியை எந்த நகராட்சியுடனும் இணைக்கச் சம்மதமில்லை. அக்டோபர் இரண்டாம் தேதித் தீர்மானம் ஊரார் அறியாமல் எழுதப்பட்டது. அது செல்லாது என்று இச்சபை முடிவு செய்கிறது. ஒவ்வொரு வரியையும் எழுதியதும் சத்தமாக வாசித்தாள். கடைசி வரிக்குப் பிறகு, சம்மதம் உள்ளவர்கள் கையைத் தூக்குங்கள் என்றாள்.

தொண்ணூற்று நாலு கைகள். தூக்காத ஆறு பேரையும் அப்படியே எழுதினாள்.

"மேல அனுப்பி வைக்கிறேன்," என்றார் அலுவலர். "முடிவு என் கையில இல்லம்மா."

"தெரியும் சார். இன்னொரு பேப்பர் வந்தா மறுபடியும் கூடுவோம்."

கடைசி வரிக்கும் முதல் கையெழுத்துக்கும் நடுவே நாலு விரற்கடை இடம் காலியாக இருந்தது. முருகேஸ்வரி ஸ்கேல் கேட்டாள். இல்லை என்றார்கள். அம்மாவின் வேலை அட்டையை வாங்கி, அதன் ஓரத்தை வைத்து, அந்தக் காலி இடத்தின் குறுக்கே மூலைக்கு மூலை ஒரு கோடு இழுத்தாள்.

"அது எதுக்கு?" என்றார் ஜெயக்குமார்.

"ஒங்களுக்குத்தாண்ணே," என்று பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தாள்.