நாற்பது அடிப் பள்ளத்தாக்கு

நானும் என் சகலையும் ஒரே வரைபட அலுவலகத்தில், ஒரே அறையில், எதிரெதிர் மேசையில் உட்கார்ந்திருக்கிறோம். எந்தப் பாவிக்கும் இந்தத் தண்டனை வேண்டாம். பகலெல்லாம் அவன் முகம், வீட்டுக்கு வந்தால் அவன் பேச்சு. "தங்கச்சி வீட்டுக்காரர் சமையலறைக்கு அவரே அலமாரி அடிச்சுட்டாராம்!" என்பாள் என் மனைவி. அடிக்கட்டுமே, அதற்கு நான் என்ன செய்ய?

மலைகளுக்கு நடுவே இருக்கும் தாழ்வான இடங்களுக்கு வரைபடத்தில் சரியான சொல்லைப் போடுவதுதான் எங்கள் வேலை. கேட்கச் சுலபம், இறங்கிப் பார்த்தால் தெரியும் சங்கதி. அந்தப் பக்கம் போய்வர வழிவிட்டால் கணவாய். வீடும் வயலும் கொள்ளுமளவுக்கு அடி விரிந்திருந்தால் பள்ளத்தாக்கு. இரண்டு பக்கமும் பாறை செங்குத்தாக நின்று, தண்ணீர் போக மட்டும் இடம் விட்டால் இடுக்கு. ஒருவர் போய்ப் பார்த்துச் சீட்டு எழுத வேண்டும். அக்கம்பக்கத்து ஜனங்கள் அந்தச் சொல்லை வைத்துப் பேசிய ஒரு வாக்கியமும் சீட்டில் இருக்க வேண்டும். இன்னொருவர் அதே இடத்தில் போய் நின்று பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் அச்சுக்குப் போகும்.

பதினெட்டு வருஷமாக நான் கொண்டுவரும் வாக்கியங்கள் எல்லாம் "இது ஒரு பள்ளத்தாக்கு" ரகம். சகலை சேர்ந்து நாலு வருஷம்தான் ஆகிறது. அவனிடம் மட்டும் ஜனங்கள் கொட்டுகிறார்கள். "கணவாய்க்கு அந்தாண்டதான் பொண்ணைக் குடுத்திருக்கேன், வெயில் தாழ்ந்தா போயிப் பாத்துட்டு வந்துருவேன்" என்று ஒரு லாரி மெக்கானிக் அவனிடம் சொல்லியிருக்கிறார். மேலதிகாரி அதை நாலு பேர் முன்னால் உரக்கப் படித்துக் காட்டினார். எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

போன வருஷம் சகலை ஒரு சீட்டை நீட்டினான். "அண்ணே, இது ஒரு இடுக்கு. நீங்க பாத்துட்டு வந்து கையெழுத்துப் போடணும்."

கல்லுடைக்கும் பெண் ஒருத்தி சொன்ன வாக்கியம் அதில் இருந்தது: "வெயில் அடிக்குதேன்னு இடுக்குல சேலையைக் காயப் போட்டேன், மேல எங்கியோ பெஞ்ச மழை வந்து அள்ளிட்டுப் போயிடுச்சு." இப்படி ஒன்று எனக்கு ஆயுசுக்கும் கிடைக்காது என்று தெரிந்துவிட்டது. பொறாமைதான், வேறென்ன.

போனேன். காய்ந்த மணல், இரண்டு பக்கமும் நெட்டுக்குத்தாகப் பாறை. நாடாவைப் பிடித்து அளந்தேன், நாற்பது அடி. பாறையில் என் தலைக்கு மேலே தண்ணீர் வந்துபோன கறை இருந்தது. அதை நன்றாகப் பார்த்தேன். பார்த்துவிட்டு, 'இடுக்கு' என்பதை அடித்து, 'அகலம் நாற்பது அடி, பள்ளத்தாக்கு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நான் மூத்தவன் என்பதால் யாரும் எதிர்க்கவில்லை. சகலை மட்டும் "அப்படியாண்ணே? உங்களுக்குத் தெரியாததா" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு இருக்கிறதே! வரைபடம் அச்சாகி வந்தது. எங்கள் வரைபடத்தில் பள்ளத்தாக்குக்குப் பச்சை நிறம். அங்கே கூடாரம் அடிக்கலாம்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. ஆசிரியையான என் மனைவி, மத்தியானச் சாப்பாட்டு மேசையில் அந்த வரைபடத்தை விரித்தாள். மறுநாள் காலை முப்பத்திரண்டு பிள்ளைகளோடு முகாமுக்குப் போவதாக இருந்தாள். அந்தப் பச்சையில் ஒரு குண்டூசி குத்தியிருந்தாள்.

"எல்லா டீச்சர்கிட்டயும் சொல்லிட்டேன். என் வீட்டுக்காரர் நேர்ல போய் நின்னு பாத்துப் போட்ட இடம், கண்ணை மூடிட்டுப் போகலாம்னு. மலை மேல மழையாம், ஆனா நாங்க கீழதானே இருக்கப் போறோம்!"

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவள் என்னைப் பற்றி அப்படிப் பெருமையாகப் பேசி நான் கேட்டதே இல்லை. சோற்றைப் பிசைந்தபடி சொன்னேன்.

"அங்க கொசு ஜாஸ்தி."

"கொசுவர்த்தி வாங்கியாச்சு."

"பாதை ரொம்ப மோசம்மா."

"இந்தத் தொப்பையோட நீங்களே போயிட்டு வந்தீங்க. புள்ளைங்க ஓடிடும்."

சிரித்தபடியே எனக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். இத்தனை வருஷம் ஏங்கிய பார்வை அது. பிள்ளைகள் அந்த மணலில் படுத்திருப்பதை நினைத்தேன், தட்டைத் தள்ளி வைத்தேன்.

"அங்க போகாதே. அது பள்ளத்தாக்கே இல்ல, இடுக்கு. மேல மழை பெஞ்சா வெள்ளம் வரும். சகலை சரியாத்தான் எழுதியிருந்தான். நான்தான் மாத்திட்டேன்."

"ஏன்?"

"வயித்தெரிச்சல்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. குண்டூசியைப் பிடுங்கினாள். "நாளைக்கு முதல் வேலையா ஆபீஸ்ல எழுதிக் குடுத்துடுங்க. வேற யாராவது போயிடப் போறாங்க" என்றாள். பிறகு போனை எடுத்துத் தங்கை வீட்டுக்குப் போட்டாள்.

"தம்பி, முப்பத்திரண்டு புள்ளைங்க. தண்ணி வராத இடமா ஒண்ணு சொல்லுங்களேன்."

மறுமுனையில் அவன் பேசியது எனக்குக் கேட்டது. "அண்ணன் பக்கத்துலதானே இருக்காரு? அவரையே கேளுங்கக்கா."

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"இல்ல தம்பி, நீங்களே சொல்லுங்க."